வீட்டுக் கராஜில் மசில் கார்: வாசகர் கேள்வி–பதில்

நடுத்தர அளவுள்ள காரில் எட்டு சிலிண்டர் கொண்ட பெரிய வி8 எஞ்சினைப் பொருத்தி, சம்பாதிக்கத் தொடங்கிய இளைஞர்கள் வாங்கக்கூடிய விலையில் அமெரிக்க நிறுவனங்கள் விற்ற காலம் மிகக் குறுகியது. 1964-இல் போன்டியாக் நிறுவனம் தன் டெம்பெஸ்ட் வரிசைக் காரில் 389 கன அங்குல எஞ்சினை வைத்து, ஏறத்தாழ 295 டாலர் கூடுதல் விலையில் ஜி.டி.ஓ. என்ற தொகுப்பாக அளித்ததிலிருந்து அந்தக் காலத்தைக் கணக்கிடுவது வழக்கம். 1970களின் முதற்பகுதியிலேயே காப்பீட்டுக் கட்டணமும் புகைக் கட்டுப்பாடுகளும் அதை முடித்துவைத்தன. மசில் கார் எனப்படும் அந்தக் கார்களைத் தம் வீட்டிலேயே புதுப்பிக்க முனைந்துள்ள வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறேன்.

ஐயா, எங்கள் ஊருக்கு அருகில் 1970-ஆம் ஆண்டு செவ்ரோலே செவெல் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. கிரில்லில் எஸ்.எஸ். (சூப்பர் ஸ்போர்ட்) சின்னம் இருக்கிறது, எஞ்சின் 454 கன அங்குலம் என்கிறார்கள், அசல் எஸ்.எஸ். காருக்குரிய விலையையே கேட்கிறார்கள். நம்பி வாங்கலாமா?
*– வாசகர், கிராண்ட் ராப்பிட்ஸ், மிச்சிகன்*

சின்னத்தை நம்பி ஒரு டாலர்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். எஸ்.எஸ். சின்னம், கோடு போட்ட பானெட், கறுப்பு கிரில் ஆகிய அனைத்தும் உதிரிபாகப் பட்டியல்களில் புதிதாகவே கிடைக்கின்றன; செவெல் வரிசையின் சாதாரண வகையான ஒரு மாலிபுவை வெளித்தோற்றத்தில் எஸ்.எஸ். ஆக்குவது சில வார இறுதிகளில் முடிந்துவிடும் வேலை.

செவெலைப் பொறுத்தவரை சிக்கல் காரின் அடையாள எண்ணான வின் எண்ணிலேயே தொடங்குகிறது. 1966 முதல் 1968 வரை எஸ்.எஸ். 396 தனி மாடலாக இருந்ததால், எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் 138 என்று இருந்தாலே அது எஸ்.எஸ். என்று அறியலாம். 1969-இலிருந்து அது கூடுதல் தொகுப்பாக மாறிவிட்டது. நீங்கள் பார்த்திருக்கும் 1970 காரில் 396 தொகுப்பின் குறியீடு இசட்25, 454 தொகுப்பின் குறியீடு இசட்15. இவ்விரண்டும் வின் எண்ணில் இடம்பெறுவதில்லை. வி8 எஞ்சினுடன் வெளிவந்த எல்லா மாலிபுவைப் போலவும் அசல் எஸ்.எஸ். காரின் எண்ணும் 136 என்றுதான் தொடங்கும். எஞ்சின் அறையின் பின்சுவரில் உள்ள உடற்கூட்டுத் தகடும் வண்ணத்தையும் உள்அலங்காரத்தையும் உடல் கட்டப்பட்ட வாரத்தையும் சொல்லுமே தவிர, எஸ்.எஸ். தொகுப்பைச் சொல்லாது.

எனவே தேடவேண்டியது, ஆலையில் அந்தக் காரைக் கட்டுவதற்காக அச்சிடப்பட்ட கட்டுமானத் தாளை. பெட்ரோல் டேங்கின் மேற்புறத்திலும், இருக்கைகளின் ஸ்பிரிங்குகளுக்கு அடியிலும் அதை அடிக்கடி காணலாம். கிடைத்த தாள் எலி கடித்து நைந்திருந்தாலும் பொறுமையாக விரித்து, அதில் உள்ள வின் எண் இந்தக் காரின் எண்தானா என்று முதலில் சரிபாருங்கள். ஆலையில் ஒரு காரின் தாள் வேறொரு காரின் இருக்கைக்குள் போய்ச் சேர்ந்ததும் உண்டு.

அடுத்து எஞ்சின். பயணி பக்கத்து சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், பிளாக்கின் மேல் விளிம்பில் ஒரு சிறிய தட்டையான பரப்பு இருக்கும். அதை எண்ணெய்ப் பிசுக்கு போகத் துணியால் துடைத்துவிட்டு, கை விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். ஆலை இயந்திரம் அந்தப் பரப்பைச் செதுக்கியபோது முன்னிருந்து பின்னாக விட்டுச்சென்ற மெல்லிய இணைகோடுகள் தெரியவேண்டும். எழுத்துகள் அக்கோடுகளின் மேல் பதிந்திருக்கவேண்டும். கோடுகளே இல்லாமல் பரப்பு வழவழப்பாக இருந்தாலோ, வட்ட வட்டமான தேய்ப்புத் தழும்புகள் தெரிந்தாலோ, பழைய எண் அழிக்கப்பட்டுப் புதிய எண் அடிக்கப்பட்டிருக்கலாம் என்று எச்சரிக்கை கொள்ளுங்கள். அந்த எண்ணில் எஞ்சின் கட்டப்பட்ட மாதமும் நாளும், எந்த வகை எஞ்சின் என்பதற்கான எழுத்துக் குறியீடும் இருக்கும். அருகில் காரின் வின் எண்ணின் ஒரு பகுதியும் பொறிக்கப்பட்டிருக்கும். பிளாக்கின் வார்ப்புத் தேதி தனி. அதில் ஜனவரிக்கு ஏ, டிசம்பருக்கு எல் என்று மாதங்கள் எழுத்துகளால் குறிக்கப்படும். வார்ப்பு முதலிலும், எஞ்சின் கட்டப்பட்ட நாள் அடுத்தும், கார் கட்டப்பட்ட வாரம் அதற்குப் பின்னும் வரவேண்டும். இந்த வரிசை எங்காவது பிறழ்ந்தால், அந்த எஞ்சின் அந்தக் காருடன் பிறந்ததன்று. 1970-இன் 454 எஞ்சினிலேயே 360 குதிரைத்திறன் கொண்ட எல்.எஸ்.5, 450 குதிரைத்திறன் கொண்ட எல்.எஸ்.6 என்று இரண்டு வகை இருப்பதையும், விலையில் இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளி மிகப் பெரிது என்பதையும் மறவாதீர்கள்.

மற்ற நிறுவனங்களின் கார்களில் இந்த வேலை எளிது. கிரைஸ்லர் குழுமக் கார்களில் வின் எண்ணின் ஐந்தாவது எழுத்தே எஞ்சினைச் சொல்லிவிடும்: 1970 டாட்ஜ் சேலஞ்சரில் அது என் என்றால் 383, ஆர் என்றால் 426 ஹெமி. ஃபோர்டுக்கு 1967 முதலான ஆலைப் பதிவுகளிலிருந்து அந்தந்தக் காரின் விவரங்களைத் தரும் மார்ட்டி அறிக்கை கிடைக்கிறது, போன்டியாக்குக்கு பி.எச்.எஸ். என்ற ஆவணச் சேவை வழியாக மூல விலைப்பட்டியலின் நகலையே பெறலாம்.

சான்று எதுவும் கிடைக்காவிட்டால் மாலிபுவின் விலையைக் கொடுத்து, மாலிபுவாகவே அதைப் புதுப்பியுங்கள். முதன்முறை கைவைப்பவருக்கு அதுதான் நல்ல கார் என்பது என் உறுதியான கருத்து. விலைமதிப்பைக் கெடுத்துவிடுவோமோ என்ற அச்சமின்றி எல்லா வேலையையும் அதில் கற்றுக்கொள்ளலாம்.

டேஷ்போர்டுக்கு வண்ணம் அடிப்பதற்காக வின் தகட்டைக் கழற்றிவிட்டு மீண்டும் பொருத்தலாமா?
*– வாசகர், கான்சாஸ் சிட்டி*

கழற்றாதீர்கள். அதன்மேல் ஒட்டுத்தாளைத் துல்லியமாக வெட்டி ஒட்டி மறைத்துவிட்டுச் சுற்றிலும் அடியுங்கள். வின் எண்ணை நீக்குவதும் மாற்றுவதும் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். பழுதுபார்ப்பதற்கு நியாயமாகத் தேவைப்படும்போது அச்சட்டத்தில் விலக்கு உண்டு என்றாலும், மாநிலச் சட்டங்கள் வேறுபடுகின்றன. சாலையில் உங்களை நிறுத்தும் அதிகாரி அந்த விலக்கை அறிந்திருப்பார் என்று எதிர்பார்க்கவும் முடியாது. உங்கள் கான்சாஸ் மாநிலத்திலேயே, முந்தைய உரிமையாளர் காலத்தில் புதுப்பிப்பின்போது தகடு கழற்றி மாட்டப்பட்டிருந்தது என்ற ஒரே காரணத்துக்காக 1959-ஆம் ஆண்டு கார்வெட் ஒன்று 2017-இல் கைப்பற்றப்பட்டு, அதை வாங்கியவர் பல ஆண்டுகள் வழக்காட நேர்ந்தது. 2022-இல் சட்டத்தைத் திருத்திய பிறகே இத்தகைய கார்களுக்கு அங்கு பாதுகாப்பு கிடைத்தது. துருவால் தகட்டின் அடிப்பரப்பையே மாற்றவேண்டிய நிலை இருந்தால், கை வைப்பதற்கு முன்பே மாநிலக் காவல்துறையின் வாகன ஆய்வுப் பிரிவிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

என்னுடைய 1968 மஸ்டாங்கில் ஓட்டுநர் காலடித் தரை துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. புதிய தகட்டை வெல்டிங் செய்து ஓராண்டுகூட ஆகவில்லை. கார்ப்பெட் மறுபடியும் ஈரமாகிறது. கதவு ரப்பரையும் மாற்றிவிட்டேன். தண்ணீர் எங்கிருந்து வருகிறது?
*– வாசகர், எடிசன், நியூ ஜெர்சி*

தண்ணீர் பெரும்பாலும் மேலிருந்து வருகிறது. முன் கண்ணாடிக்குக் கீழே, பானெட்டின் பின்விளிம்பை அடுத்து வரிசையாகக் காற்றுத்துளைகள் இருக்கின்றன அல்லவா? அவற்றின் அடியில் இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெல்டிங் செய்த ஒரு பெட்டி குறுக்கே ஓடுகிறது. மழைநீர் அதற்குள் விழுந்து இரு பக்கமும் வழிந்து வெளியேறவேண்டும். காற்று மட்டும் உள்ளே வரவேண்டும் என்பதற்காகக் காற்றுத் திறப்புகளைச் சுற்றித் தொப்பியைக் கவிழ்த்ததுபோன்ற ஒரு விளிம்பு எழுப்பப்பட்டிருக்கும். பல ஆண்டுகளாக இலையும் மண்ணும் அதைச் சுற்றித் தங்கி ஈரம் காக்க, அந்த விளிம்பு அடியில் அரித்துப்போய்விடுகிறது. பெட்டிக்குள் வண்ணம் சரியாகச் சென்றடையாததும் ஒரு காரணம். பிறகு ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் நேராக உங்கள் காலடியில் இறங்கும். மேலிருக்கும் இந்த ஓட்டையை விட்டுவிட்டுத் தரையை மட்டும் மாற்றுவதால்தான் எத்தனையோ மஸ்டாங்குகளில் இரண்டாவது தரையும் அழுகுகிறது.

சோதிப்பது எளிது. ஒருவர் வெளியே நின்று குழாய்த் தண்ணீரை அந்தத் துளைகளுக்குள் மெதுவாக விடட்டும். நீங்கள் விளக்குடன் டேஷ்போர்டின் அடியில் படுத்துப் பாருங்கள். சொட்டும் இடம் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். பசையையும் பிளாஸ்டிக் தொப்பியையும் மேலிருந்து திணித்து அடைக்கும் முறைகள் விற்கப்படுகின்றன. அவை சிறிது காலத்துக்குத் தாங்கலாம், ஆனால் அரித்த தகடு உள்ளே தொடர்ந்து அரித்துக்கொண்டேயிருக்கும். முறையான வழி, முன் மட்கார்டுகளைக் கழற்றி, மேல் தகட்டைப் பிடித்திருக்கும் ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துளையிட்டு விடுவித்து, பெட்டியைத் திறந்து, புதிய விளிம்புகளை வெல்டிங் செய்து, உட்புறம் முழுவதும் பிரைமரும் இணைப்புப் பசையும் பூசி, மீண்டும் மூடுவதுதான். சலிப்பூட்டும் வேலைதான், ஆயினும் காரை இன்னொரு முறை பிரிக்காமல் இருக்க இதைவிட வேறு வழியில்லை.

தரையைப் பற்றியும் ஒரு சொல். மஸ்டாங்குக்குத் தனிச் சட்டகம் கிடையாது. தரை, கதவுகளுக்குக் கீழே ஓடும் பக்கவாட்டு ராக்கர், அடியில் ஓடும் ரெயில்கள் ஆகியவை சேர்ந்தே காரின் எலும்பாகின்றன. எனவே தரையை வெட்டுவதற்கு முன் கதவு நிலைகளுக்கு நடுவே இரும்புக் குழாய்களை வைத்து முட்டுக் கொடுங்கள். கன்வெர்ட்டிபிளில் இது கட்டாயம். வெட்டிய பிறகு கதவு மூடவில்லை என்றால் உடல் தொய்ந்துவிட்டது என்று பொருள். தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்டது என்பதால், மிக் வெல்டிங் இயந்திரத்தில் 0.6 மில்லிமீட்டர் கம்பியைப் பயன்படுத்தி, ஓரிடத்தில் ஒரு புள்ளி, அடுத்த புள்ளி தள்ளி, பிறகு இடைவெளியில் என்று விட்டுவிட்டுப் பற்றவையுங்கள். நீளமாக இழுத்தால் சூட்டில் தகடு நெளிந்துவிடும்.

இந்த மாடலில் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. 1970 வரையிலான மஸ்டாங்குகளில் பெட்ரோல் டேங்கின் மேற்புறமே டிக்கியின் தரையாகவும் இருக்கிறது. காரில் எங்கு வெல்டிங் செய்வதானாலும் டேங்கைக் கழற்றிக் கராஜுக்கு வெளியே வைத்த பிறகே தொடங்குங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் செய்யவே செய்யாதீர்கள். அந்த எச்சம் வெல்டிங் சூட்டில் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும். சிறிதளவு சுவாசித்தாலும் நுரையீரல் நிரந்தரமாகச் சேதமடையக்கூடும்.

முழுக்காரையும் பிரிக்கத் தொடங்கப் போகிறேன். பாகங்கள் கலந்துபோகாமல் இருக்க என்ன செய்யவேண்டும்?
*– வாசகி, கொலம்பஸ், ஒஹாயோ*

மிக நல்ல நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். விற்பனைக்கு வரும் முடிவுபெறாத கார்களில் பல, இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் பிரிக்கப்பட்டவை. பிரித்த கார், முழுக்காரைப்போல இரண்டு மூன்று மடங்கு இடம் கேட்கும் என்பதை முதலில் கணக்கில் கொள்ளுங்கள். முடிந்தவரை ஒரு பகுதியைப் பிரித்து, செப்பனிட்டு, மூடிவைத்த பிறகு அடுத்ததற்குச் செல்வதே நல்லது.

ஒவ்வொரு பகுதியையும் கழுவுவதற்கு முன்பே படம் எடுங்கள். இது முக்கியம். ஆலைத் தொழிலாளி மெழுகுக் கட்டியால் எழுதிய எண், ஆய்வு முடிந்ததற்கு அடையாளமாக போல்ட்டின் மேல் இட்ட வண்ணப் புள்ளி, எந்த வண்ணம் எதன்மேல் தெளித்திருக்கிறது என்ற அடுக்கு ஆகியவை அழுக்குக்கு அடியில் இருக்கும். உயர் அழுத்த நீரைப் பாய்ச்சினால் அவையும் அழுக்கோடு போய்விடும். மெதுவாகத் துடைத்து, ஒவ்வொரு படியிலும் படம் எடுத்துக்கொண்டே செல்லுங்கள். போல்ட்டுகளை ஒரே டப்பாவில் போடாமல், கழற்றிய பாகத்துக்கு ஒரு பை என்று வைத்து, எங்கிருந்து வந்தது, எந்த வரிசையில் வாஷர் இருந்தது என்று எழுதிப் போடுங்கள். முன் சஸ்பென்ஷனிலும் உடலுக்கும் சட்டகத்துக்கும் இடையிலும் இருக்கும், இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய ஷிம் தகடுகளை இடது, வலது, முன், பின் என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். கதவைக் கழற்றும்முன் கீலையும் அதன் அடித்தகட்டையும் சேர்த்து ஒரு சிறு துளை இட்டுவிட்டால், திரும்பப் பொருத்தும்போது அத்துளையில் கம்பியைச் செருகிப் பழைய இடத்தை அப்படியே பிடிக்கலாம்.

புதிய பாகம் வந்து, காரில் பொருந்தி, வேலை செய்வதைப் பார்க்கும்வரை பழையதைத் தூக்கி எறியாதீர்கள். மறுபடைப்புப் பாகங்களில் துளை ஒரு நூல் தள்ளி இருப்பது சாதாரணம்; அப்போது அளவெடுக்க உங்களிடம் இருக்கும் ஒரே சான்று அந்தப் பழைய துண்டுதான்.

உடலைச் சட்டகத்திலிருந்து முழுவதுமாகத் தூக்கித்தான் புதுப்பிக்கவேண்டுமா?
*– வாசகர், சான் அன்டோனியோ, டெக்சஸ்*

செவெல், ஜி.டி.ஓ. போன்ற தனிச் சட்டகக் கார்களில் அது இயலும்; மஸ்டாங், சேலஞ்சர், சார்ஜர் போன்றவற்றில் தூக்குவதற்குத் தனிச் சட்டகமே இல்லை. இயலும் கார்களிலும், சட்டகம் அரிக்காமலும் உடலின் தாங்கு புள்ளிகள் உறுதியாகவும் இருந்தால் தேவையில்லை என்பேன். தூக்கிய உடலை இறக்கி, எஞ்சினின் எடையும் ஏறிய பிறகுதான் கதவு இடைவெளிகளைச் சரிபார்க்கமுடியும். வண்ணம் அடித்துவிட்டுப் பிறகு இறக்கினால் அந்த இடைவெளிகள் மாறிவிடும்.

1969 பிளிமத் ரோட் ரன்னர், 383 எஞ்சின். இருபது ஆண்டுகள் கொட்டகையில் நின்றது. புது பேட்டரி போட்டு ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா? எஞ்சினைப் பிரிக்கவேண்டி வந்தால் எதைக் கவனிக்கவேண்டும்?
*– வாசகர், ஃபீனிக்ஸ், அரிசோனா*

சாவியைத் திருப்பிவிடாதீர்கள். துருவேறிய சிலிண்டரில் பிஸ்டன் வளையங்கள் ஒட்டியிருக்கும்போது ஸ்டார்ட்டர் வலுக்கட்டாயமாகச் சுற்றினால், காப்பாற்றக்கூடிய எஞ்சினும் சேதமாகிவிடும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஊடுருவும் எண்ணெய் விட்டுச் சில நாள் ஊறவிடுங்கள். குழாய்க் கேமராவை உள்ளே விட்டுச் சிலிண்டர் சுவர்களைப் பாருங்கள். பிறகு கிராங்க் ஷாஃப்ட் போல்ட்டில் நீண்ட கைப்பிடி ஸ்பேனரை வைத்துக் கையாலேயே மெல்லச் சுற்றுங்கள். நகரவில்லை என்றால் மேலும் ஊறவிடுங்கள், கைப்பிடியில் குழாய் செருகி நீட்டாதீர்கள். பழைய பெட்ரோல் டேங்கில் வார்னிஷாகியிருக்கும் என்பதால் அதை முழுவதும் வடித்து, ரப்பர் குழாய்கள் அனைத்தையும் இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் வகையில் மாற்றுங்கள்.

எஞ்சின் சுற்றத் தொடங்கினால், புதிய எண்ணெய் ஊற்றி, ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே எண்ணெய் அழுத்தத்தை ஏற்றவேண்டும். 383-இல் டிஸ்டிரிபியூட்டரைச் சுற்றும் தண்டே எண்ணெய்ப் பம்ப்பையும் சுற்றுகிறது. டிஸ்டிரிபியூட்டரையும் அதன் கீழுள்ள இடைப்பல்சக்கரத்தையும் எடுத்துவிட்டு, அறுகோண முனை கொண்ட தண்டை டிரில்லில் மாட்டி எதிர்க்கடிகாரத் திசையில் சுற்றினால், கேஜில் அழுத்தம் ஏறுவதைக் காணலாம். டிரில் திடீரென்று கனப்பதைக் கையே உணரும். அதன் பிறகு வால்வுகளை அழுத்தும் ராக்கர்கள்வரை எண்ணெய் வந்துவிட்டதா என்று வால்வு மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்யவேண்டும்.

பிரிக்கவேண்டி வந்தால், இந்த எஞ்சினில் மிகுந்த கவனம் தேவைப்படும் இடம், வால்வுகளைத் திறக்கவைக்கும் கேம் ஷாஃப்ட்தான். இன்றைய எஞ்சின்களில் பொதுவாக உருளும் முனை உண்டு. இதில் கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் தட்டை அடிப்பரப்புள்ள லிஃப்டர், கேமின் முகட்டின் மேல் உரசியே இயங்குகிறது. அந்த உரசலிலிருந்து இரும்பைக் காப்பது, எண்ணெயில் கலந்துள்ள துத்தநாக–பாஸ்பரஸ் சேர்மம். வினையூக்கி மாற்றிகளைப் பாதுகாப்பதற்காக இன்றைய சாதாரண எண்ணெய்களில் பாஸ்பரஸை பத்து லட்சத்துக்கு 800 பங்கு என்ற அளவுக்குள் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். பழைய எஞ்சினுக்கு அது போதாது. பழைய கார்களுக்கென்றே 1000 முதல் 1200 பங்கு அளவில் துத்தநாகம் சேர்த்து விற்கும் எண்ணெயை வாங்குங்கள். பழைய கேமையே பயன்படுத்துவதாக இருந்தால், ஒவ்வொரு லிஃப்டரும் தான் வந்த இடத்துக்கே திரும்பவேண்டும். ஒன்றோடொன்று தேய்ந்து பழகிய இணைகள் அவை, மாற்றிப் போட்டால் முகடு சில மணி நேரத்திலேயே தேய்ந்துபோகும். புதிய கேமைப் பொருத்தினால் லிஃப்டர்களும் புதியனவாகவே இருக்கட்டும். ஸ்டார்ட் ஆன உடனேயே 2000 முதல் 2500 சுற்று வேகத்துக்கு உயர்த்தி, குறைந்தது இருபது நிமிடங்கள் அதற்குக் கீழே இறக்காமல் வேகத்தைச் சற்றே மாற்றி மாற்றி ஓட்டுங்கள். கேம் முகடுகளுக்கு எண்ணெய் சேர்வது பெரும்பாலும் கிராங்க் ஷாஃப்ட் சுழன்று தெறிப்பதால்தான். ஐடிலில் அந்தத் தெறிப்பு போதாது. ஆகவே ரேடியேட்டரில் நீரும், கார்புரேட்டரில் பெட்ரோலும், சரியான இக்னிஷன் டைமிங்கும் முன்கூட்டியே உறுதியாக இருக்கவேண்டும்.

ஈயமில்லாப் பெட்ரோலால் வால்வு இருக்கைகள் தேய்ந்துவிடும் என்று பலரும் அஞ்சுகிறார்கள். ஹெட்டுகள் எப்படியும் பட்டறைக்குப் போவதானால், எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினப்படுத்திய இருக்கைகளைப் பொருத்தச் சொல்லுங்கள். இதற்காக மட்டுமே நல்ல எஞ்சினைப் பிரிக்கவேண்டாம்.

அதே காரின் வயரிங் பற்றியும் நீங்கள் கேட்காமலேயே சொல்லவேண்டியிருக்கிறது. அக்காலக் கிரைஸ்லர் கார்களில் ஆல்டர்னேட்டர் தரும் மின்னோட்டம், எஞ்சின் அறையின் பின்சுவரில் உள்ள பெரிய பிளாஸ்டிக் இணைப்பானைக் கடந்து, டேஷ்போர்டில் உள்ள அம்மீட்டரின் வழியே சென்று, மீண்டும் அதே இணைப்பான் வழியாகப் பேட்டரிக்குத் திரும்புகிறது. அந்தத் தகட்டு முனைகளில் பச்சைக் களிம்பு ஏறினால் மின்தடை கூடிச் சூடேறும். இணைப்பானைப் பிரித்து, கனமான கறுப்பு, சிவப்புக் கம்பிகளின் முனையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுத்தோ உருகியோ இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் சுத்தம் செய்வதோடு நிற்காமல், முன்பகுதிக் கம்பித் தொகுப்பையே மாற்றுங்கள். பாதுகாப்பு உருகிழையுடன் பேட்டரிக்கு ஒரு மாற்றுப் பாதையும் அமையுங்கள். அதைச் செய்யாமல் மின்விசிறியும் பெரிய ஒலிபெருக்கியும் பொருத்துவது தீ விபத்தை அழைப்பதாகும்.

1966 ஜி.டி.ஓ.வில் பிரேக்கை அசல் அமைப்பிலேயே வைத்துக்கொள்ள விரும்புகிறேன். ஆபத்தா?
*– வாசகர், சான் ஹோசே, கலிஃபோர்னியா*

அசலைக் காப்பதில் எனக்குள்ள பிடிவாதத்தை இந்தப் பத்தியைப் படிப்பவர்கள் அறிவார்கள். ஆயினும் இந்த ஒன்றில் மாற்றச் சொல்கிறேன். உங்கள் காரில் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறைதான். நான்கு சக்கரங்களில் எங்கே ஒரு குழாய் வெடித்தாலும் பெடல் தரையைத் தொடும், நான்கிலும் பிரேக் இருக்காது. 1967-இல் ஜெனரல் மோட்டார்ஸ் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அறை கொண்ட சிலிண்டரை எல்லாக் கார்களிலும் கொண்டுவந்தது. அந்த அமைப்பை உங்கள் காரில் பொருத்துவது கடினமன்று, பழையதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டால் எப்போது வேண்டுமானாலும் மீட்கலாம். ரப்பர் ஹோஸ்களை வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மாற்றுங்கள். அவை உள்ளே வீங்கி அடைத்துக்கொள்ளும். இரும்புக் குழாய் முனைகளை இரட்டை மடிப்பாகவே விரியுங்கள், அழுத்து இணைப்பான்களைப் பிரேக்கில் பயன்படுத்தாதீர்கள். டாட் 3 திரவம் இருந்த அமைப்பில் சிலிக்கோன் வகையான டாட் 5-ஐக் கலக்காதீர்கள். பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே கொண்டு, டிரம்முக்குள் காற்றடிக்காமல் ஈரப்படுத்தித் துடையுங்கள்.

வண்ணமும் வீட்டிலேயே அடிக்க எண்ணுகிறேன். நல்ல முகமூடி இருக்கிறது. போதுமா?
*– வாசகர், ஷார்லட், வட கரோலினா*

போதாது. இன்றைய இரு கூறு யூரிதேன் வண்ணங்களின் கடினமாக்கியில் ஐசோசயனேட் உள்ளது. அதற்கு எச்சரிக்கும் வாசனை கிடையாது என்பதால், கரி வடிகட்டி நிறைவுற்றுப் பயனற்றுப்போனதை உங்களால் அறியமுடியாது. உடல் ஒருமுறை அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பின்னர் மிகச் சிறிய அளவும் கடும் ஆஸ்துமாவைத் தூண்டும். வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய் வழியாகத் தரும் சுவாசக் கருவியும், தோலை முழுவதும் மூடும் உடையும் இல்லாமல் அதைத் தெளிக்காதீர்கள். கராஜ் வீட்டோடு ஒட்டியிருந்தால், அங்கே தெளிக்கவே வேண்டாம் என்பதுதான் என் பதில்.

வண்ணப் பணியில் செலவின் பெரும்பகுதி தெளிப்பதற்கு முந்தைய உழைப்புக்கே போகிறது. அந்த உழைப்பை நீங்களே செய்து, தெளிப்பதற்கு மட்டும் காரைத் தொழில்முறைப் பட்டறைக்கு அனுப்புங்கள். தகட்டைத் தட்டி நேராக்கி, பள்ளம் நிரப்பும் பட்டியை மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் மெல்லிதாகப் பூசி, நீளமான பலகையில் உப்புத்தாளைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாகத் தேயுங்கள். கூரையும் பின்பக்கத் தகடும் சேரும் இடத்தில் ஆலையில் ஈயத்தைக் காய்ச்சிப் பூசியிருப்பார்கள். அதையும் பழைய பிரைமரையும் உலர்ந்த நிலையில் கிரைண்டரால் அரைக்காதீர்கள். ஈயத்தூள் உடையோடு வீட்டுக்குள் வந்து குழந்தைகளைச் சேரும்.

வேலை நடக்கும் காலத்தில் காருக்குக் காப்பீடு தேவையா?
*– வாசகர், அட்லாண்டா*

தேவை. கராஜில் தீப்பிடித்தால் வீட்டுக் காப்பீடு காரை ஈடுசெய்யும் என்று எண்ணாதீர்கள். பழைய கார்களுக்கான நிறுவனங்கள் புதுப்பிப்பில் இருக்கும் காருக்கும் காப்பீடு தருகின்றன. மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு முழுத் தொகையும் தரும் வகையைத் தேர்ந்தெடுத்து, வேலை முன்னேற முன்னேற அந்த மதிப்பை உயர்த்திக்கொள்ளுங்கள்.

1969 கமாரோ, ஹக்கர் ஆரஞ்சு நிறம், ஆலையில் அடித்த வண்ணமே இருக்கிறது. விளிம்புகளில் தேய்ந்து பிரைமர் தெரிகிறது, பானெட் மங்கிவிட்டது. முழுவதும் உரித்துப் புதிதாக அடிக்கச் சொல்லி நண்பர்கள் வற்புறுத்துகிறார்கள். தங்கள் கருத்து என்ன?
*– வாசகர், சின்சினாட்டி, ஒஹாயோ*

தயவுசெய்து உரிக்காதீர்கள். உங்கள் வின் எண் 124379 என்று தொடங்கி அடுத்த எழுத்து என் ஆக இருந்தால், அந்தக் கார் உங்கள் ஊரை ஒட்டியுள்ள நார்வுட் ஆலையில் கட்டப்பட்ட வி8 கமாரோ. அந்த ஆலை இன்று இல்லை. அங்கே எப்படி வண்ணம் தெளித்தார்கள், கதவின் உள்விளிம்பில் எவ்வளவு மெல்லிதாக விட்டார்கள், எங்கே வழிந்து உறைந்தது என்பதற்கு உங்கள் கார் நேரடிச் சாட்சி. புதிதாக வண்ணம் அடித்த 1969 கமாரோக்கள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றைச் சரியாகப் புதுப்பிக்க விரும்புபவர் உங்களுடையதைப் போன்ற ஒரு காரை வந்து பார்த்துத்தான் கற்றுக்கொள்ளவேண்டும். இல்லினாய் மாநிலம் ரோஸ்மாண்டில் நவம்பர் மாதம் நடக்கும் மசில் கார், கார்வெட் கண்காட்சிக்குச் சென்றால், இத்தகைய தொடாத கார்களை எவ்வளவு மதிப்புடன் பார்க்கிறார்கள் என்பதை உணர்வீர்கள்.

ஜெனரல் மோட்டார்ஸ் அக்காலத்தில் பயன்படுத்திய அக்ரிலிக் லாக்கர் மெல்லியது. எனவே மெருகேற்றும் முன் தடிமன் அளவியால் பல இடங்களில் அளந்து பாருங்கள். விளிம்புகளையும் மடிப்புகளையும் இயந்திரத்தால் தொடாமல் கையாலேயே துடையுங்கள். முதலில் டிக்கி மூடியின் ஒரு சிறு மூலையில் சோதித்த பிறகே மற்ற இடங்களுக்குச் செல்லுங்கள். பிரைமர் தெரியும் இடங்களில் மெழுகு பூசினால் போதும். பணத்தைப் பிரேக், பெட்ரோல் குழாய்கள், வயரிங், டயர் ஆகியவற்றில் செலவிடுங்கள். டயரைப் பட்டன் தேய்மானத்தை வைத்து மதிப்பிடாதீர்கள்: பக்கச்சுவரில் டாட் என்ற எழுத்துகளைத் தொடரும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2000-க்கு முன் தயாரான டயர்களில் மூன்று இலக்கங்களே இருக்கும். அப்படி இருந்தால், எவ்வளவு புதியதாகத் தோன்றினாலும், அந்த டயரோடு சாலைக்கு வராதீர்கள்.